ஒன்றாம் நம்பர் பஸ், நாற்பத்தாறாம் பல்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் ஆட்டிசம் உள்ள 14 வயதுப் பையன். எங்களிடம் சிகிச்சைக்கு வந்தவன். இன்னொருவர் அந்தச் சிகிச்சையில் பங்கெடுத்த இளம் பல் மருத்துவர், படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் டிஸ்லெக்ஸியா உள்ளவர். இடம் திருச்சியில் ஒரு தனியார் பல் மருத்துவமனை. நாலு நாற்காலி, எட்டு ஊழியர்கள். பையனின் பெற்றோரும் அந்த மருத்துவரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இப்படிப்பட்ட அறிக்கைகளில் நோயாளியைப் பற்றி எல்லாவற்றையும் எழுதுவோம், சிகிச்சை கொடுத்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. இதில் அப்படிப் பிரித்து எழுத வழியில்லை. பையனுக்காகச் செய்த ஏற்பாடுகளில் பாதி அந்த மருத்துவரின் மூளையில் உதித்தவை. அவருக்கு நாங்கள் செய்ய வேண்டியிருந்த ஏற்பாடுகளும் இந்தப் பையனின் பல்லை வைத்துத்தான் வெளியே வந்தன.

வந்த காரணம்

அம்மா தொலைபேசியில் முதலில் சொன்னது பல்லைப் பற்றியே அல்ல. "ராத்திரி ஆனா வலது கன்னத்துல தானே அடிச்சுக்கிறான் டாக்டர். ரெண்டு மாசமா இப்படித்தான்." அவன் பேச்சுப் பயிற்சிக்குப் போகும் மையத்தில் இதை நடத்தைச் சிக்கல் என்று எடுத்துக்கொண்டார்கள். மனநல மருத்துவர், ஆவேசத்தைத் தணிக்கக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் மருந்தின் அளவைக் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். வாயைப் பார்க்கத் தோன்றியது பாட்டிக்குத்தான். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த தயிரில் சோறு பிசைந்தால் தட்டைத் தள்ளிவிடுகிறான், அதையே வெளியில் வைத்துக் குளிர் போனபின் கொடுத்தால் இடது பக்கமாக மென்று சாப்பிடுகிறான் என்று அவர் கவனித்திருந்தார். பல் கூச்சத்துக்கு நாங்கள் செய்யும் குளிர்ப் பரிசோதனையை அவர் வீட்டுச் சமையலறையிலேயே செய்து முடித்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

வலியை வார்த்தையில் சொல்ல முடியாதவர்கள் திடீரென்று முகத்திலோ தலையிலோ அடித்துக்கொள்ளத் தொடங்கினால், மருந்தைக் கூட்டுவதற்கு முன் பல்லையும் காதையும் பார்த்துவிட வேண்டும். பாடப் புத்தகத்தில் உள்ள விஷயம்தான். ஆனால் ஆட்டிசம் என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், அதன்பின் வரும் எல்லாவற்றுக்கும் அதுவே காரணமாகிவிடுகிறது.

எங்களிடம் வருவதற்கு முன் வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அங்கே கையையும் காலையும் மூன்று பேர் பிடித்துக்கொள்ள, வாயைத் திறக்க முயன்றிருக்கிறார்கள், முடியவில்லை. சீட்டில் "ஒத்துழைக்கவில்லை; முழு மயக்கத்துக்குப் பரிந்துரை" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் பிரஷ்ஷைக் கண்டாலே ஓடுகிறான், அந்தத் தெருப் பக்கம் ஆட்டோ திரும்பினாலே கத்துகிறான் என்றார் அம்மா. அதற்கு முன்பு வரை தினமும் காலையில் பல் தேய்க்க விட்டுக்கொண்டிருந்தவன்.

பின்னணி

மூன்று வயதில் ஆட்டிசம் கண்டறியப்பட்டது. ஆறு வயதிலிருந்து வலிப்பு. சோடியம் வால்ப்ரோயேட் எடுக்கிறான். பேச்சு சில சொற்கள்தான். மற்றதற்குப் பட அட்டை. திருச்சி நகரப் பஸ்களின் வழித்தட எண்களும் நிறுத்தங்களும் தலைகீழ்ப் பாடம். அதில் மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் மேல் தனிப் பிரியம்.

சாப்பாடு: தயிர்ச் சோறு, பொடி தொடாத இட்லி, ஒரே கம்பெனியின் கிரீம் பிஸ்கெட். மென்றதை விழுங்காமல் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. பேஸ்ட் புதினாக் காரம் என்பதால் பல வருடங்களாகத் தண்ணீர் தொட்ட பிரஷ் மட்டும்தான். அதாவது பல்லைச் சொத்தையிலிருந்து காக்க பேஸ்ட்டில் சேர்க்கும் ஃபுளோரைடு அவன் பல்லில் படவே இல்லை.

இதற்கெல்லாம் மேல் ஒன்று. பயிற்சியில் ஒவ்வொரு சரியான பதிலுக்கும் ஒரு சிறு துண்டு சாக்லேட். துண்டு சிறியதுதானே என்று தோன்றும். ஆனால் பல்லுக்குச் சர்க்கரையின் அளவைவிட அது எத்தனை தடவை வருகிறது என்பதே முக்கியம். ஒவ்வொரு தடவை இனிப்பு உள்ளே போனதும் பல்லின் மேலுள்ள கிருமிப் படலத்தில் அமிலம் ஏறி, அதைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே இறங்குகிறது. அந்த நிலையில்தான் பல்லின் வெளி ஓடான எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிசெய்யச் சுமார் அரை மணி நேரம் வேண்டும். அதற்குள் அடுத்த துண்டு. ஒரு மணி நேரப் பயிற்சி என்றால் ஒரு மணி நேரமும் பல் அமிலத்தில் கிடக்கிறது. வாரத்தில் பல நாள், பல வருடம். பயிற்சியாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் பேச்சு வரவைக்கப் பாடுபட்டார், பேச்சு வந்தது. அந்த மேசையில் ஒரு பல் மருத்துவரின் குரலும் இருந்திருக்க வேண்டும்.

முதல் வருகைக்கு முன்

அழைத்து வரும் தேதியைக் குறிக்கும் முன் அம்மாவோடு நீண்ட நேரம் பேசினோம். எந்தச் சத்தம் பிடிக்காது? எந்த வாசனை? யாராவது பின்னாலிருந்து தொட்டால் என்ன செய்வான்? போதும் என்பதை எப்படிச் சொல்வான்?

மிக்ஸி சத்தம் ஆகாது. பின்பக்கத் தொடுதல் ஆகாது. "ஒண்ணும் ஆகாதுப்பா" என்று யாராவது சொன்னால் உடனே ஏதோ ஆகப்போகிறது என்று தெரிந்துகொள்வான். போதும் என்பதற்கு அவன் சொல்லும் வார்த்தை "ஸ்டாப்பிங்". பஸ்ஸில் கற்றுக்கொண்டது. ஊட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் அதையேதான் சொல்கிறான்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை முன்கூட்டித் தயார்செய்ய நாங்கள் வைத்திருந்த தாள் ஒரு பக்கம் முழுக்க எழுத்து. ஓரத்தில் சிரிக்கும் பல் ஒன்றின் படம். இளம் மருத்துவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "மேடம், இதை என்னாலயே படிக்க முடியலை. அவன் எப்படிப் படிப்பான்?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், நாங்களும் சிரித்தோம். அடுத்த நாள் அவர் கொண்டுவந்தது ஒரு நீள அட்டை. ஒன்றாம் நம்பர் பஸ்ஸின் வழித்தடம் போலக் கோடு, கோட்டில் நிறுத்தங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எங்கள் மருத்துவமனையின் உண்மையான புகைப்படம்: வாசல் கதவு, செருப்பு விடும் இடம், சாம்பல் நிற நாற்காலி, விளக்கு, கண்ணாடி, சிஸ்டரின் கை, மறுபடி வாசல். முதல் நிறுத்தத்துக்குச் சத்திரம் என்றும் கடைசிக்கு ஸ்ரீரங்கம் என்றும் பெயர். நடுவே மாம்பழச் சாலை, திருவானைக்காவல். முடிந்த நிறுத்தத்தின் மேல் ஒரு மூடியை ஒட்டிவிடலாம். இன்னும் எத்தனை பாக்கி என்பது கண்ணுக்குத் தெரியும். வீட்டில் பார்க்க ஒரு நகல், எங்களிடம் ஒன்று.

விதி ஒன்றே: அட்டையில் இல்லாத எதையும் அன்று செய்யக் கூடாது. வாய் நன்றாகத் திறந்திருக்கிறதே, இன்னும் ஒன்றே ஒன்று பார்த்துவிடலாமே என்ற ஆசை எந்தப் பல் மருத்துவருக்கும் வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் அடுத்த முறை அட்டையை யாரும் நம்ப மாட்டார்கள்.

அறையில் மாற்றியவை

காலையில் முதல் ஆள், மற்ற நாற்காலிகளில் வேலை தொடங்குவதற்கு முன். பல் கருவிகளுக்குக் காற்று தரும் கம்ப்ரசரை அணைத்து வைத்தோம். காத்திருப்பு அறை டிவியை நிறுத்தினோம். கிராம்பு எண்ணெய் கலந்த மருந்துகளை முந்தின நாள் மாலையோடு மூடி வைத்தோம். பல் மருத்துவமனை வாசனை என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் அதுதான். தலைக்கு மேலுள்ள விளக்கைப் போடாமல், மருத்துவர் நெற்றியில் மாட்டும் சிறு விளக்கு. யாருக்கும் தோன்றாத ஒன்றை சிஸ்டர் சொன்னார்: மின்சாரம் போனால் யுபிஎஸ் போடும் "பீப்". தினமும் அதற்குப் பக்கத்தில் நிற்கிற எங்கள் காதில் அது விழுவதே இல்லை. எலக்ட்ரீசியனை வைத்து அந்தச் சத்தத்தை அணைத்தோம். மொத்தச் செலவு அவருக்குக் கொடுத்த கூலிதான்.

அறையைப் புலன்களுக்கு ஏற்ப மாற்றினால் பலன் உண்டா என்பது ஆராயப்பட்ட கேள்வி. இஸ்ரேலில் தொடங்கிய இந்த யோசனையை லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனையில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரிய அளவில் சோதித்தார்கள்; முடிவுகள் 2023இல் வெளிவந்தன. 6 முதல் 12 வயதுள்ள ஆட்டிசக் குழந்தைகளுக்கு ஒருமுறை வழக்கமான அறையில், ஒருமுறை மாற்றிய அறையில் பல் சுத்தம் செய்தார்கள். மங்கல் வெளிச்சம், கூரையில் மெதுவாக நகரும் படங்கள், மெல்லிசை, உடலை அணைத்தாற்போல் அழுத்தும் ஒரு போர்வை. பதற்றத்தில் மாறும் தோலின் மின்கடத்தலை அளந்தார்கள், நடத்தையையும் பதிவு செய்தார்கள். மாற்றிய அறையில் இரண்டிலும் பதற்றம் குறைந்தது.

எங்களிடம் புரொஜெக்டர் இல்லை. அழுத்தத்துக்கு எக்ஸ்-ரே எடுக்கும்போது போர்த்தும் ஈய அங்கியைப் பயன்படுத்தினோம். அதைப் போர்த்தச் சொல்வதும் எடுக்கச் சொல்வதும் பையன்தான். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அமுக்கிப் பிடிப்பதற்கும் அணைத்துக் கொள்வதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் குறைவு. கத்தும் குழந்தையின் வாயைக் கையால் பொத்துவது ஒரு காலத்தில் பாடத்தில் இருந்த முறை. அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் 2006இல்தான் அதைத் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கியது. நம் ஊரில் இன்னும் சில இடங்களில் அந்தக் கை இறங்கவில்லை.

எல்லாம் பலித்தது என்று நினைக்க வேண்டாம். கறுப்புக் கண்ணாடியை மாட்டிய வேகத்தில் எறிந்தான். ஹெட்ஃபோனைத் தொடவே விடவில்லை. மே மாத வெயிலில் ஈய அங்கியையும் வேண்டாம் என்றுவிட்டான். மின்விசிறியைக் கூட்டியதோடு சரி.

பரிசோதனையும் முடிவும்

முதல் நாள் திருவானைக்காவல் வரைகூடப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தான், "ஸ்டாப்பிங்" என்றான், நிறுத்தினோம், வீட்டுக்குப் போனான். அப்பாவுக்கு ஏமாற்றம், இதற்காகவா லீவு போட்டு வந்தோம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. என் கணக்கில் அன்றைய நாள்தான் மொத்தச் சிகிச்சையிலும் முக்கியமானது. அவன் சொன்ன வார்த்தைக்கு இந்த இடத்தில் மதிப்பு உண்டு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்தடுத்த வாரங்களில் நிறுத்தங்கள் கூடின. சிஸ்டர் பத்து வரை எண்ணுவார். பத்து வந்ததும் கை வெளியே வந்துவிடும், வேலை முடிந்ததோ இல்லையோ. எட்டில் முடிந்தாலும் பத்து வரை காத்திருப்போம். வாய்க்குள் வைத்து எடுக்கும் எக்ஸ்-ரே முடியவில்லை. நின்றபடி எடுக்கும், தலையைச் சுற்றி வரும் பெரிய எக்ஸ்-ரேக்கு வீடியோ காட்டிப் பழக்கினோம். படம் கொஞ்சம் கலங்கல்தான், ஆனாலும் வேண்டியது தெரிந்தது.

வலது கீழ்க் கடைவாயில் முதல் பெரிய பல், அதாவது பல் மருத்துவர்களின் எண் முறையில் 46, ஈறு மட்டத்துக்குச் சிதைந்திருந்தது. வேர் நுனியில் கருநிழல். காப்பாற்ற வழியில்லை. இடது பக்கம் 36இல் நடுத்தரச் சொத்தை, நரம்பைத் தொடவில்லை. மேலே 16, 26 இரண்டிலும் குழிகளில் சொத்தை. முன்பற்களில் சொத்தைக்கு முந்தைய வெண்புள்ளிகள்.

நரம்பைத் தொடாத சொத்தைகள் மேலும் ஆழமாகாமல் இருக்க, 38 சதவீத சில்வர் டைஅமைன் ஃபுளோரைடைத் தடவினோம். ஊசி வேண்டாம், டிரில் வேண்டாம். பல்லைக் காயவைத்து ஒரு துளியை ஒரு நிமிடம் தொட்டு வைத்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. குறை ஒன்று: சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும், உதட்டில் பட்டால் அங்கும் சில நாள் கறை. வேறொரு பல்லின் படத்தைக் காட்டிச் சம்மதம் கேட்டபோது பாட்டி, "பல்லை வெள்ளையாக்கத்தானே இங்க வர்றாங்க?" என்றார். நியாயமான கேள்வி. கடைவாய் என்பதால் வெளியே தெரியாது என்றும், முன்பற்களில் தடவ மாட்டோம் என்றும் பேசி முடிவுக்கு வந்தோம். உதட்டில் வாசலின் தடவிக்கொண்டு, பத்து எண்ணிக்கைகளாகப் பிரித்துச் செய்தோம்.

46ஐ என்ன செய்வது? மரத்துப்போகும் ஊசி போட்டு நாற்காலியிலேயே எடுக்கலாம் என்று ஒரு கருத்து இருந்தது. இத்தனை தூரம் வந்துவிட்டானே. நான் வேண்டாம் என்றேன். உடைந்த பல், சீழ் பிடித்த வேர், ஊசி முழுதாக மரத்துப்போக வைக்குமா என்பதில் சந்தேகம். நடுவில் "ஸ்டாப்பிங்" என்றால் நிறுத்த முடியாத வேலை அது. கட்டியெழுப்பிய நம்பிக்கையை ஒரே நாளில் செலவழித்துவிடக் கூடாது. முழு மயக்கத்தைத் தோல்வி என்று பார்க்கும் மனப்போக்கு எங்கள் துறையில் உண்டு; எனக்கு அதில் உடன்பாடில்லை. பையனைத் தயார்செய்யாமல் அனுப்புவதுதான் தவறு.

அறுவை அரங்கு நாள்

பெரிய மருத்துவமனை ஒன்றில் ஏற்பாடு. வால்ப்ரோயேட், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால் முன்னதாகவே ரத்தப் பரிசோதனை; நரம்பியல் மருத்துவரின் ஒப்புதல்; காலை மாத்திரையை மட்டும் ஒரு மடக்குத் தண்ணீரோடு. பட்டியலில் முதல் ஆளாகப் போட வேண்டும் என்று மயக்க மருத்துவரிடம் கேட்டுக்கொண்டோம். சாப்பிடாமல் மதியம் வரை காத்திருப்பதை அவனுக்கு விளக்க வழியே இல்லை.

இந்த முறை பஸ் அட்டையில் ஸ்ரீரங்கத்துக்கு அப்பால் புது நிறுத்தங்கள். மருத்துவமனை கொடுக்கும் பச்சை அங்கிக்குப் பதில் அவனுடைய பழைய டி-ஷர்ட்டுக்கு அனுமதி வாங்கினோம். மணிக்கட்டில் கட்டும் பெயர்ப் பட்டையைக் கணுக்காலில் கட்டினார்கள். ஊசி குத்தும் இடத்தில் மரத்துப்போகும் களிம்பை ஒரு மணி நேரம் முன்னதாகத் தடவினார்கள். விழித்ததும் கையில் ஊசிக்குழாயைப் பார்த்தால் பிடுங்குவான் என்பதால் கட்டுத் துணியால் மறைத்தார்கள். கண் திறக்கும்போது அம்மா பக்கத்தில்.

மயக்கத்தில் இருந்த அந்த நேரத்தில் 46ஐ எடுத்தோம். கறுத்த குழிகளை கிளாஸ் அயனோமரால் அடைத்தோம், பின் பற்களின் பள்ளங்களை மூடினோம், பல் சுத்தம் செய்தோம், ஃபுளோரைடு வார்னிஷ் பூசினோம். கூடவே வலிப்பு மருந்தின் அளவு பார்க்க ரத்தம் எடுத்தார்கள், காது மருத்துவர் வந்து காதைப் பார்த்து அழுக்கை எடுத்தார், சிஸ்டர் நகம் வெட்டினார். ஒரே மயக்கத்தில் முடிந்தவரை எல்லாம் முடித்துக்கொள்வது குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அம்மாவைக் கேட்டால் சொல்வார். நகம் வெட்டுவது அந்த வீட்டில் ஒரு பகல் முழுக்க நடக்கும் போராட்டம்.

பணம்: குடும்பம் நிராமயா காப்பீட்டில் இருந்தது. மத்திய அரசின் கீழுள்ள தேசிய அறக்கட்டளையின் திட்டம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. கைக்காசு போட்டுவிட்டு பில்லை அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். அப்படியொன்று இருப்பதே தெரியாத குடும்பங்கள்தான் அதிகம்.

64 என்று எழுதிய பேனா

அரங்கு நாளுக்கு முந்தைய மாலை. இளம் மருத்துவர் அறுவைத் தாளை நிரப்பி நீட்டினார். சிஸ்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, "அறுபத்து நாலா? அவனுக்குப் பால் பல்லே இல்லையே மேடம்" என்றார். 46 என்பது 64 ஆகியிருந்தது.

பல் எண்ணும் முறை தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பின் முறையில் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு இலக்கம். முதல் இலக்கம் வாயின் கால் பகுதி: நிரந்தரப் பற்களுக்கு 1 முதல் 4, பால் பற்களுக்கு 5 முதல் 8. இரண்டாவது, நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. அழகான முறை, உலகின் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் இலக்கம் இடம் மாறினால் மன்னிக்காது. 16, 26, 36, 46 என்ற நான்கு பெரிய கடைவாய்ப் பற்களையும் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 61, 62, 63, 64. நான்கும் உண்மையான பால் பற்களின் எண்கள், அதுவும் நான்குமே மேல் இடதுபக்கத்தில். 12 திரும்பினால் 21, 34 திரும்பினால் 43. தவறான எண் என்று காகிதத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் அந்த எண்ணிலும் ஒரு பல் உண்டு. 14 வயதில் பால் பற்கள் போய்விட்டதால் 64 உடனே உறுத்தியது. எட்டு வயதுக் குழந்தையாக இருந்திருந்தால் வாயில் 46ம் இருக்கும், 64ம் இருக்கும். போதாக்குறைக்குப் பல் வரைபடம் மருத்துவர் எதிரே நின்று பார்ப்பது போல வரையப்படுவதால், நோயாளியின் வலது தாளின் இடதில் இருக்கும்.

அன்று மாலை அவர் என்னிடம் தனியாக வந்தார். பள்ளியில் டிஸ்லெக்ஸியா என்று சான்றிதழ் உண்டு. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைத்தது. பல் மருத்துவக் கல்லூரியில் யாரிடமும் சொல்லவில்லை. "டாக்டர் ஆகப் போறவளுக்கு எழுத்து மாறும்னு சொன்னா யார் மேடம் நம்பி வாயைத் திறப்பாங்க?" என்றார். அதுவரை அவர் எப்படிச் சமாளித்தார் என்று கேட்டபோதுதான் எனக்கு அந்தப் பஸ் அட்டை எங்கிருந்து வந்தது என்று விளங்கியது. அவருடைய குறிப்புகள் எல்லாமே படம்தான். கல்லூரி நாளிலிருந்து ஒவ்வொரு சிகிச்சையையும் கோடும் கட்டமுமாக வரைந்து வைத்துக்கொண்டு படித்திருக்கிறார். டிஸ்லெக்ஸியா உள்ளவர்களுக்கெல்லாம் கைவேலையும் படமும் நன்றாக வரும் என்ற பேச்சை நான் நம்புவதில்லை. இவருக்கு வருகிறது, அவ்வளவுதான்.

அடுத்த வாரமே சில மாற்றங்கள். எடுக்க வேண்டிய பல்லை எண்ணோடு நிறுத்தாமல் வரைபடத்தில் வட்டமிட வேண்டும். பக்கத்தில் வாயின் புகைப்படம். எண்ணை இலக்கம் இலக்கமாக "நாலு, ஆறு" என்று ஒருவர் சொல்ல, "வலது கீழே, பெரிய கடைவாய் முதல் பல்" என்று மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு இருவரும் வாயில் அந்தப் பல்லைத் தொட்டுக் காட்ட வேண்டும். அறுவை அரங்குகளில் 2008இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. பல் நாற்காலிக்கு அது வந்து சேர இவ்வளவு நாளாகியிருக்கத் தேவையில்லை. "ரைட்" என்ற சொல்லையும் பக்கத்துக்குச் சொல்வதை விட்டோம். எங்கள் அறையில் அது பையனுக்குப் பஸ் கிளம்பும் குரல், சிஸ்டருக்குச் "சரி", எனக்கு வலது.

இவை எல்லோருக்கும். இன்னும் சில அவருக்கு மட்டும்: நோயாளி விவரத்தைக் கைப்பேசியில் குரலால் பதிந்து எழுத்தாக்குவது, மருந்துச் சீட்டுக்கு முன்பே அச்சிட்ட படிவம், நாள் முடிவில் யாரும் குறுக்கிடாமல் குறிப்புகளைச் சரிபார்க்க இருபது நிமிடம். வரவேற்பில் இருப்பவர் "அவங்களுக்கு மட்டும் எதுக்கு?" என்று கேட்டார். கேட்டது நல்லதுதான். அவருக்கும் தொலைபேசி அடித்துக்கொண்டிருக்கும்போது பில் போடுவது முடியாத காரியம் என்று அப்போதுதான் தெரிந்தது. பில் நேரத்தில் தொலைபேசியை இன்னொருவர் எடுக்கிறார் இப்போது.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. ஆட்டிசமும் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடுகளும் அதில் உண்டு. வேலையிடத்தில் தகுந்த வசதி செய்துதரும் கடமையை 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களின் மேல்தான் நேரடியாகச் சுமத்துகிறது. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி எட்டுப் பேர் வேலைபார்க்கும் தனியார் பல் மருத்துவமனைக்கும் அந்தக் கடமை உண்டு. இங்கே எங்களைப் போன்ற இடங்களில் அது முதலாளியின் மனதைப் பொறுத்த விஷயமாக இருக்கிறது. அவர் கல்லூரியில் வாயைத் திறக்காமல் இருந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

தொடர்ந்து பார்த்தவை

பல் எடுத்த சில நாட்களில் கன்னத்தில் அடித்துக்கொள்வது குறைந்து, பிறகு நின்றுவிட்டது. ரிஸ்பெரிடோன் அளவைக் கூட்டும் பேச்சு அதோடு போயிற்று. ஃபிரிட்ஜ் தயிரும் திரும்ப வந்துவிட்டது.

பயிற்சியாளரிடம் பேசி சாக்லேட்டுக்கு மாற்றுத் தேடினோம். அப்பா தினம் பஸ்ஸில் போகிறவர். பழைய பயணச்சீட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தார். ஒரு சரியான பதிலுக்கு ஒரு சீட்டு. சாக்லேட்டைவிட நன்றாக வேலை செய்கிறது என்று பயிற்சியாளரே சொல்கிறார். கிரீம் பிஸ்கெட்டை நிறுத்த முடியவில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, நடுவில் கொடுப்பதை மட்டும் குறைத்திருக்கிறார்கள். நுரையும் புதினாவும் இல்லாத ஃபுளோரைடு பேஸ்ட் ஒன்றைப் பட்டாணி அளவில் தொடுகிறான். துப்பத் தெரியாததால் ஈரத்துணியால் துடைத்துவிடச் சொல்லியிருக்கிறோம். மூன்று பக்கமும் ஒரே சமயத்தில் தேய்க்கும் பிரஷ் வாங்கியதில் நேரம் பாதியாகக் குறைந்தது.

46 இருந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. பின்னாலுள்ள 47 முன்னால் சாயக்கூடும், கவனித்து வருகிறோம். செயற்கைப் பல் பற்றி இப்போது பேசவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறான். கண்ணாடியும் வார்னிஷும் இப்போது பிரச்சினையே இல்லை. ஆனால் பல்லில் இறுகிப்போன அழுக்கை, அதாவது பற்காரையை, அதிர்வால் எடுக்கும் கருவியின் கீச்சொலி இன்னும் ஆகவில்லை. அதன் படத்தை அட்டையில் ஒட்டினாலே கிழித்துவிடுகிறான். அதனால் கீழ் முன்பற்களின் உட்புறக் காரையைக் கைக்கருவியால், ஒரு வருகைக்கு இரண்டு பல் என்று எடுத்து வருகிறோம். எடுப்பது இளம் மருத்துவர். சென்ற முறை 41, 42 முடிந்தது. இந்த எண்களைத் திருப்பினால் 14, 24 என்பதால் அட்டையில் எண் போடவில்லை, இரண்டு பல்லையும் வரைந்து பச்சை அடித்திருக்கிறார்.